எழுமலைக்குக் கொண்டுபோன எண்ணெய்

மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த லாட்ஜில் மேனேஜர் ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பவே இல்லை.

"கூட யாரும்மா வாராக?" என்றார்.

யாரும் இல்லை என்றேன்.

"தனியா வர்ற பொம்பளைகளுக்கு ரூம் குடுக்குறது இல்லம்மா. தப்பா நினைச்சுக்காதீக."

வேலை விஷயமாக வந்திருப்பதாகச் சொன்னேன். என்ன வேலை என்று கேட்டார். எண்ணெய் என்றேன். "நல்லெண்ணெயா, கடலை எண்ணெயா?" என்றார் சீரியஸாக. இயந்திரத்துக்குள் ஊற்றும் எண்ணெய் என்று நான் விளக்க விளக்க அவர் முகத்தில் சந்தேகம் கூடியதே தவிர குறையவில்லை. கடைசியில் அவருடைய போனிலிருந்தே, என்னை வரவழைத்திருந்த கிணறு தோண்டும் தொண்டு நிறுவனத்துக்குப் பேசினேன். பசுமலையில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதி கோடை லீவில் காலியாக இருக்கிறது, அங்கே தங்கிக்கொள்ளலாம் என்றார்கள். மேனேஜர் தானே வெளியே வந்து, பெட்டியை ஆட்டோவில் ஏற்றி வைத்தார். அறை தர மறுத்தவர் அவ்வளவு அக்கறையாகப் பெட்டி தூக்கியதை என்னால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

அது எண்பதுகளின் தொடக்கம். அந்தப் பக்கம் மழை பொய்த்து மூன்றாவது வருஷம். எனக்கு முப்பத்து நாலு வயது. நான் பிறந்து வளர்ந்தது பினாங்கில். ஆறு வருஷமாக ஸ்வீடனின் வடகோடியில் ஒரு சிறிய ஊரில், ஓர் எண்ணெய் ஆய்வகத்தில் வேலை. மதுரைக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எங்கள் தாத்தா கப்பலேறியது நாகப்பட்டினத்தில். அதற்கு முந்திய கதை வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் என் மேலாளர் சுவரில் தொங்கிய வரைபடத்தில் விரல் வைத்து, "உங்கள் நாடுதானே, உங்களுக்குச் சுலபம்" என்றார். என் நாடு அவர் விரலுக்குக் கிழக்கே, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். பாரம் தூக்கும், மரம் வெட்டும், பூமியைத் துளைக்கும் பெரிய இயந்திரங்களில் ஓரிடத்துத் தள்ளலை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவது குழாய்க்குள் அடைபட்டிருக்கும் ஹைட்ராலிக் எண்ணெய். கடுங்குளிரில் அது கெட்டியாகி நகராது. கடும் சூட்டில் தண்ணீராய் இளகி, கொடுத்த பலத்தைத் தாங்காமல் நழுவிவிடும். பூமியிலிருந்து எடுக்கும் எண்ணெயை எத்தனை தடவை சுத்தம் செய்தாலும் இந்த இரண்டில் ஒரு குறை மிஞ்சும். ஆகவே அமிலத்தையும் ஆல்கஹாலையும் காய்ச்சிச் சேர்த்து, எண்ணெயையே செயற்கையாகத் தயாரிப்பது என் வேலை. நாலு வருஷம் அதில் போயிற்று. முந்திய பனிக்காலத்தில் என் எண்ணெய் மைனஸ் முப்பத்தைந்தில் மரம் வெட்டும் இயந்திரங்களுக்குள் சீராக ஓடியது. மிச்சம் இருந்தது சூடு. அதற்காகத்தான் கத்திரி வெயிலில் மதுரை.

விடுதியில் நூறு அறைகளுக்கு மேல். எல்லாம் பூட்டு. வராந்தாவில் என் செருப்புச் சத்தம் எனக்கு முன்னால் போய்த் திரும்பி வந்தது. வாட்ச்மேன் வேலை பார்த்தவர் சேசம்மா என்ற ஐம்பது வயது அம்மாள். பானைத் தண்ணீர், ஒரு கோரைப்பாய், ஒரு மண்ணெண்ணெய் விளக்கு மூன்றையும் காட்டிவிட்டு, ஆறு மணிக்குப் புடைவைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

"வீட்டுக்குப் போறேன்மா. பயந்துக்காதீக. கேட்டை வெளிய பூட்டிட்டுத்தேன் போவேன்."

அது ஆறுதலா என்று எனக்கு விளங்கவில்லை. ஆறு வருஷம் தமிழ் காதில் விழாத ஊரில் இருந்துவிட்டு வந்தவள் நான். ரயிலிலிருந்து இறங்கியதிலிருந்து காது நிறையத் தமிழ். ஆனால் அதில் ஒரு வாக்கியம்கூட எனக்காகப் பேசப்பட்டதாக இல்லை, பூட்டைப் பற்றிய இந்த வாக்கியத்தைத் தவிர.

மறுநாள் காலையில் தொண்டு நிறுவனத்தின் ஜீப் வந்தது. திருமங்கலத்தில் நிறுத்திப் பசியாறினோம். டிரைவர் பரோட்டா சொன்னார். எங்கள் ஊர் ரொட்டி சானாய் மாதிரிதான் இருக்கும் என்று நானும் சொன்னேன். அது வேறு பிறவி. எங்கள் ரொட்டி தட்டில் படுத்திருக்கும்; இது எழுந்து நிற்கும். கல்லில் இருந்து எடுத்து இரண்டு கையாலும் அடித்து நொறுக்கி, மேலே சால்னாவை ஊற்றினார்கள். ஒன்று தின்று முடித்ததும் கடைக்காரர் கேட்காமலே இன்னொன்றைப் போட்டுவிட்டு, "வெயில்ல போறீக, சாப்புடுங்க" என்றார்.

எழுமலைக்கு வடக்கே ஒரு கிராமம். மேற்கே மலை நீலமாகத் தெரிகிறது. இந்தப் பக்கம் கண்மாய் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கிறது. பருத்தி போட்ட நிலங்களில் குச்சி மட்டும். பெண்கள் இரண்டு மைல் தள்ளி ஒரு தோட்டக் கிணற்றிலிருந்து குடம் சுமந்து வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். ஊருக்கு வெளியே, வேப்பமரத்துக்குப் பக்கத்தில், லாரியின் மேல் பொருத்திய, பூமியைத் துளைக்கும் ரிக் இயந்திரம் நின்றது. லாரியின் நாலு மூலையிலும் இரும்பு ஜாக்கிகள் தரையில் ஊன்றி அதைத் தூக்கிப் பிடித்திருந்தன. அந்த ஜாக்கிகளுக்குள்ளும் ஹைட்ராலிக் எண்ணெய்தான்.

அதை ஓட்டியவர் பெரியகருப்பன். நாற்பது வயது இருக்கும். காக்கி டவுசர், தலையில் துண்டு. என் எண்ணெயை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து மோந்து பார்த்தார்.

"பூ வாசம்ல அடிக்குது. இது எண்ணெய்தானா மேடம்?"

எண்ணெய்தான் என்றேன்.

"பழைய எண்ணெய ஊத்துனா, பதினோரு மணிக்கு மேல இவ சொன்ன பேச்சு கேக்கமாட்டா" என்று ரிக்கைக் காட்டினார். "ஈரச்சாக்கப் போத்தி, நாலு மணி வரைக்கும் உக்காந்திருப்போம். ஒரு போர் போட பத்து நாளாகும். சனங்க வந்து வந்து எட்டிப் பாத்துட்டுப் போகும்."

பிறகு, "மலாயாவுல எங்க சின்னையா ஒருத்தரு ரப்பர் தோட்டத்துல இருந்தாரு. பேரு குருசாமி. பாத்திருக்கீகளா?" என்றார். இல்லை என்றபோது உண்மையாகவே வருத்தப்பட்டார். எனக்கும் வருத்தமாக இருந்தது. யாரையாவது தெரியும் என்று சொல்ல அன்றைக்கு ஆசையாக இருந்தது.

எண்ணெயை மாற்றி ஓட்டினோம். பதினோரு மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. லாரியின் இரும்பைத் தொட முடியவில்லை. எண்ணெய்த் தொட்டிக்குள் விட்ட என் தெர்மாமீட்டர் எண்பத்தாறு டிகிரி காட்டியது. ரிக் நிற்கவில்லை. துளையிலிருந்து வெள்ளைக் கல்தூள் புகையாகக் கிளம்பிக்கொண்டே இருந்தது. பெரியகருப்பன் லிவரில் கை வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"மத்தியானத்துல இவ பாடுறத இப்பத்தேன் கேக்குறேன்!"

சாப்பாடு கம்மங்கூழும் சின்ன வெங்காயமும். கிராமத்தில் யாரோ எனக்காக ஒரு இரும்பு நாற்காலி கொண்டுவந்து வேப்பமரத்தடியில் போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் இருந்த ஒரே நாற்காலி. மற்றவர்கள் எல்லோரும் லாரிக்கு அந்தப் பக்க நிழலில் வட்டமாக உட்கார்ந்து, பேசிச் சிரித்துச் சாப்பிட்டார்கள். நான் வாய் தவறி, எங்கள் ஊர் வழக்கில், மார்க்கெட்டைப் 'பசார்' என்று சொன்னதை ஒருவர் சொல்லிக்காட்ட, மற்றவர்கள் சிரிப்பது கேட்டது. கேலியில் விஷம் இல்லை. எழுந்து போய் அவர்களோடு தரையில் உட்கார்ந்திருக்கலாம். மரியாதையாக ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தபின் எப்படி எழுந்து போவது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாளும் அப்படியே ஓடியது. சாயங்காலம் டவுனில் தந்தி ஆபீசுக்குப் போய், 'எண்பத்தாறு டிகிரியில் நன்றாக ஓடுகிறது' என்று மேலாளருக்குத் தந்தி கொடுத்தேன். கிளார்க் வார்த்தைகளை எண்ணிவிட்டு, "அப்படியே வீட்டுக்கும் ஒண்ணு போட்டுறலாமேம்மா?" என்றார். அம்மா, அப்பா இருவரும் போய்விட்டார்கள். அண்ணன் கோலாலம்பூரில், பேச்சுவார்த்தை இல்லை. வேண்டாம் என்றேன். வெளியே தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்றார்கள். சுக்கும் கருப்பட்டியும் போட்டது, சூடாக. நின்றபடியே இரண்டு டம்ளர் குடித்தேன். நாலு வருஷ வேலை பலித்த நாளைக் கொண்டாடியது அவ்வளவுதான்.

நாலாம் நாள் ஜீப் வரவில்லை. உசிலம்பட்டி பஸ்ஸைப் பிடித்தேன். செக்கானூரணி தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்து பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் தண்ணீர் கேட்டு ஒவ்வொரு சீட்டாக வந்தார். பலர் காலடியில் தூக்குவாளி இருந்தது. ஒருவர் கையும் அசையவில்லை. ஒரு கிழவர், "பஸ்ஸுக்கு ஊத்திட்டு நாங்க எதக் குடிக்க?" என்றார். என் பிளாஸ்கில் இருந்த கொதித்து ஆறிய தண்ணீரைக் கொடுத்தேன். அது போதவில்லை. கடைசியில் ஒரு லாரிக்காரர் இரக்கப்பட்டுக் கொடுத்தார். எழுமலை போய், அங்கிருந்து ஒரு மாட்டுவண்டியில் தொற்றிக்கொண்டு இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. காலையில் வேலை தொடங்குமுன் ஒவ்வொரு ஜாக்கியையும் சுற்றி வந்து கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். அன்று யாரும் பார்க்கவில்லை.

தூரத்தில் வரும்போதே ரிக்கின் சத்தம் காதில் விழுந்தது. பெரியகருப்பன் துளைக்கம்பியின் மூட்டில் பெரிய குழாய் ரெஞ்சை மாட்டிப் பிடித்திருந்தார். நான் வண்டியிலிருந்து இறங்கி நாலு எட்டு வைத்திருப்பேன். சத்தம் மாறியது. பின்பக்க இடது ஜாக்கி மெல்ல, யாரோ உட்காருவதுபோல, உள்ளே இறங்கியது. லாரி சாய்ந்தது. துளைக்குள் மெல்லச் சுழன்றுகொண்டிருந்த கம்பி கல்லில் சிக்கி உதற, ரெஞ்ச் சுழன்று வந்து அவர் இடது முன்கையில் அடித்தது. எலும்பு ஒடிந்த சத்தம் எனக்கும் கேட்டது. யாரோ ஓடிப்போய் என்ஜினை நிறுத்தினார்கள்.

அவர் தரையில் உட்கார்ந்து, ஒடிந்த கையை மறுகையில் ஏந்திக்கொண்டு, "நான் ஜாக்கி லிவரத் தொடல. நான் லிவரத் தொடவே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

தொண்டு நிறுவனத்து இன்ஜினியரின் வண்டியில் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் இன்ஜினியர் முன்சீட்டிலிருந்து திரும்பாமலே என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஜாக்கி லிவர முழங்கையால தட்டிவிட்டிருப்பான். ஆபரேட்டர் தப்பு. அப்படித்தான் ரிப்போர்ட் போகும். இனிமே இவன ரிக்ல ஏத்த முடியாது." பின்னால் பெரியகருப்பன் கண்ணை மூடியிருந்தார். அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் ஜாக்கியைப் பிரித்தோம். உள்ளே பிஸ்டனைச் சுற்றி எண்ணெயை அடைத்து நிற்கும் ரப்பர் வளையம், சீல் என்பார்கள், ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பி, ஓரமெல்லாம் கிழிந்து கிடந்தது. அது ரிக்கோடு வந்த சீல் அல்ல. பழையது தேய்ந்ததும் மதுரையில் செய்து வாங்கிப் போட்டது. நான் மேலாளருக்குத் தந்தி அடித்தேன். மறுநாளே பதில் வந்தது. 'சீல் உள்ளூர்ச் சரக்கு. குறை நம்முடையது அல்ல. அறிக்கையில் அவ்வாறே எழுதவும்.'

பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. எண்ணெயோடு வந்த விளக்கத்தாளில் 'எல்லா வகை ரப்பர் சீலுக்கும் ஏற்றது' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை எழுதியவள் நான். நாலு வகை ரப்பரில் சோதித்துவிட்டு, அந்த நாலே உலகம் என்று எழுதிவிட்டேன்.

கிழிந்த சீலைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு அதைச் செய்த கடையைத் தேடிப் போனேன். காஜிமார் தெருவை ஒட்டிய சந்தில், ஆள் நுழையும் அகலத்தில் ஒரு கடை. பம்ப்புக்கு வாஷர், லாரிக்கு சீல் எல்லாம் வெட்டிக் கொடுப்பவர் காதர் மைதீன். என் வயதுதான் இருக்கும். சீலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது என் சரக்குத்தேன். மறுக்கல. ஆனா நான் குடுக்கையில இப்படிப் புள்ளத்தாச்சி மாதிரி இல்ல. நீங்க ஊத்துனது எண்ணெயா, பெயிண்ட கரைக்கிற மருந்தா?"

எனக்குக் கோபம் வந்தது. என் பையிலிருந்த எண்ணெய்ப் புட்டியை எடுத்து மேஜையில் வைத்து, "உங்கள் ரப்பரை இதில் போட்டுப் பார்ப்போமா?" என்றேன்.

"போடுங்க. ஆனா அது மட்டும் போட்டா நியாயமா? அதே ரப்பர் துண்டப் பழைய எண்ணெயிலயும் போடுங்க. உங்க கம்பெனி ரப்பர உங்க எண்ணெயில போடுங்க. மூணையும் பாப்போம்."

ஒரு ஆய்வாளர் முதலில் கேட்டிருக்க வேண்டியது அது. கம்பெனி ரப்பரின் மாதிரித் துண்டு என் பையில் இருந்தது, பழைய எண்ணெய் அவர் கடையில் இருந்தது; மூன்று கண்ணாடி டம்ளர்களில் ஊற்றினோம். சூடு வேண்டுமே என்றேன். அவர் டம்ளர்களைத் தட்டில் தூக்கிக்கொண்டு பக்கத்து டீக்கடைக்குப் போய், மாஸ்டரிடம் ஏதோ சொல்லி, பாய்லர் தட்டின் மேல் ஓரமாக வைத்துவிட்டு வந்தார். "நாளைக்குச் சாயங்காலம் வாங்க. யாராச்சும் எடுத்துக் குடிச்சிறாம நான் பாத்துக்குறேன்."

அந்த ஒரு நாளை எப்படிக் கழித்தேன் என்று சொல்வது கஷ்டம். பசுமலையில் பூட்டிய அறைகளைக் கடந்து கடந்து நடந்தேன். குன்றின் மேலிருந்து பார்த்தால் ரயில் வளைந்து போவது தெரியும். சேசம்மா ஒரு முறை வந்து, "மேலுக்குச் சரியில்லையா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு சொம்பு நீர்மோர் வைத்துவிட்டுப் போனார். ஸ்வீடனில் தனியாக இருப்பது எனக்குப் பழகிய விஷயம். அங்கே என் மொழி யாருக்கும் தெரியாது, அதனால் பேசவில்லை என்று காரணம் சொல்லிக்கொள்ளலாம். இங்கே அந்தக் காரணமும் இல்லை.

மறுநாள் காதர் மைதீன் மூன்று துண்டுகளையும் துடைத்துக் காலிப்பரில் அளந்தார். கம்பெனி ரப்பர் கொஞ்சம்போல் பெருத்திருந்தது. பழைய எண்ணெயில் கிடந்த அவர் ரப்பர் போட்டது போட்டபடி. என் எண்ணெயில் கிடந்தது ஒன்றரை மடங்கு உப்பி, நகம் பட்டதும் பிய்ந்தது. அவர் மூன்றையும் காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்தார்.

"பெரியகருப்பண்ணன எனக்கு எட்டு வருசமாத் தெரியும்மா. சீல் வாங்க அவருதேன் வருவாரு. லிவர அவரு தட்டலன்னு யாரு சொல்லப் போறீக, நீங்களா, நானா? நான் சொன்னா, கடைக்காரன் தன் சரக்கக் காப்பாத்தப் பேசுறாம்பாக."

பிறகு, நான் கேட்காமலே, சுவரில் மாட்டியிருந்த கனத்த எருமைத்தோலை இறக்கினார். கைபம்ப்புக்குத் தோல் வாஷர் போடுவதில்லையா, ஜாக்கிக்கும் அப்படிக் கிண்ணம்போல அழுத்திச் செய்து போடலாம், உப்பாது என்றார். எந்த எண்ணெய் ஊற்றினாலும் அது நிற்கும் என்பது அவர் கணக்கு. என் கணக்கிலும் அது சரியாகவே வந்தது.

நான் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரியகருப்பன் கட்டிலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். தரையில் அவர் மனைவி வீரம்மாள். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நின்றபடியே சொன்னேன். நீங்கள் லிவரைத் தொடவில்லை. என் எண்ணெய் சீலைத் தின்றுவிட்டது. அதை நான் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும்.

பெரியகருப்பன் மாவுக்கட்டை மறுகையால் தடவினார். பிறகு, "அப்ப நான் தொடல" என்றார், தனக்குத்தானே. "மூணு நாளா நானே சந்தேகப்பட ஆரம்பிச்சிட்டேன் தாயி. ஒருவேள முழங்கை பட்டிருச்சோன்னு. பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னேன், பட்டிருக்கும்னு."

வீரம்மாள் எழுந்தார். "இவரு கை ஒடிஞ்சது போதாதுன்னு புத்தியும்ல பேதலிக்க இருந்துச்சு! இத வாயால சொல்லிட்டுப் போயிட்டா ஆச்சா? அந்த இஞ்சினியரு ஒத்துக்குவாரா? நீ கப்பலேறிப் போயிருவ. எழுதிக் குடு."

எழுதித் தருகிறேன் என்றேன்.

"இங்கிலீசுல எழுதாத. எங்களுக்கும் புரியணும்."

நர்சிடம் காகிதம் வாங்கிக்கொண்டு, கட்டிலின் கால்மாட்டில் வைத்து எழுதினேன். தமிழில் நான் கடைசியாக எழுதியது பினாங்கில், பள்ளியில், பதினைந்து வயதில். எழுத்து குழந்தை எழுத்தாக வந்தது. இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப்போயிற்று. பெரியகருப்பன் எட்டிப் பார்த்து ஒன்றைத் திருத்தினார். முடித்ததும் வீரம்மாள், "படி, கேப்போம்" என்றார்.

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்களும் திரும்பினார்கள். நான் நின்று படித்தேன். 'வசந்தா ஆகிய நான் தயாரித்த எண்ணெய், ஜாக்கியின் ரப்பர் சீலைக் கெடுத்ததால் ஜாக்கி இறங்கியது. எல்லா ரப்பருக்கும் ஏற்றது என்று சோதிக்காமல் எழுதியது என் தவறு. திரு. பெரியகருப்பன் மேல் எந்தத் தவறும் இல்லை.' மூலைக் கட்டிலில் இருந்த ஒருவர், "யாருப்பா அந்தம்மா? கோர்ட்டா?" என்று கேட்டார். வீரம்மாள் காகிதத்தை வாங்கி நாலாக மடித்து, மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இங்கிலீஷில் இன்னொன்று எழுதி இன்ஜினியரிடம் கொடுத்தேன், மூன்று ரப்பர் துண்டுகளோடு. இரண்டு தடவை படித்தார். "உங்க கம்பெனி இத ஒத்துக்குமா?" என்றார். கையெழுத்து என்னுடையது, கம்பெனியுடையது இல்லை என்றேன். அவர் கொஞ்சநேரம் ரப்பர் துண்டுகளை மேஜையில் உருட்டிக்கொண்டிருந்தார். "சரி. அவன் பேர எடுத்துர்றேன். ஆனா உங்க எண்ணெய் இனி என் ரிக்ல ஒரு சொட்டு இருக்கக்கூடாது."

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்வீடன் திரும்பியதும் மேலாளர் என்னைத் திட்டவில்லை. கிரீஸ் பிரிவுக்கு மாற்றினார். விளக்கத்தாளிலிருந்து அந்த வரி போயிற்று. இரண்டு வருஷம் கழித்து வேறொருவர், உப்ப வைக்கும் திரவத்தோடு சுருங்க வைக்கும் இன்னொன்றைக் கலந்து, சூட்டுக்கும் குளிருக்கும் ரப்பருக்கும் சேர்ந்து ஒத்துப்போகும் எண்ணெயைச் செய்தார். அவர் பேர் அதில் இருக்கிறது. சரியாகத்தான் இருக்கிறது. பெரியகருப்பனுக்குக் கை கொஞ்சம் வளைந்தே கூடியதாகவும், மறுபடி ரிக் ஏறிவிட்டதாகவும் காதர் மைதீன் ஒரு கார்டு போட்டிருந்தார். அதற்கு நான் எழுதிய பதில் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது.

கடைசி நாளுக்கு வருகிறேன். என் எண்ணெயை வடித்து ஒரு பீப்பாயில் அடைத்துத் திருப்பியனுப்ப ஏற்பாடாயிற்று. ஜாக்கிகளுக்குத் தோல் சீல் போட்டு, பழைய எண்ணெயை ஊற்றி, வேறொரு ஆள் ஓட்டினார். பதினோரு மணிக்கு ஈரச்சாக்கைப் போர்த்திவிட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். நாலு மணிக்குத் தொடங்கினார்கள். ஜாக்கிகள் அசையவில்லை. ஐந்தரை மணிக்குக் கல்தூள் நிறம் மாறி ஈரமாக வந்தது, பிறகு சேறு, பிறகு காற்றோடு பீறிட்டுக்கொண்டு தண்ணீர். ஊரே ஓடிவந்தது. பிள்ளைகள் நனைந்து கூத்தாடினார்கள். நான் ஒரு ஓரத்தில் நின்றேன். ஒரு பெண் என் பக்கம் திரும்பி, "நீ எந்த ஊருத்தா?" என்று கேட்டாள். பினாங்கு என்றேன். "அம்புட்டுத் தூரத்துலேருந்து தண்ணி பாக்கவா வந்த?" என்று சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

எண்ணெய் வந்த ஆறு நீல டின்கள் லாரியடியில் கிடந்தன. கைப்பிடி வைத்த, மூடி போட்ட, துருவேறாத டின்கள். பெண்கள் நாலைந்து பேர் வந்து, தண்ணீர் எடுக்க ஆகும், தரலாமா என்று கேட்டார்கள். அந்த எண்ணெயில் தேய்மானத்தைக் குறைக்க ஒரு பாஸ்பேட் மருந்து கலந்திருந்தது. உள்ளே போனால் நரம்பைக் கெடுத்து ஆளை முடமாக்கும். எத்தனை கழுவினாலும் டின்னின் மடிப்பில் தங்கும். கூடாது என்றேன். நான் போனபின் எடுத்துக்கொள்வார்கள் என்று அவர்கள் பார்வையிலேயே தெரிந்தது. ரிக்காரர்களிடம் கடப்பாரை வாங்கி, ஒவ்வொரு டின்னாகக் குப்புறப் போட்டு அடியில் ஓட்டை போட்டேன்.

ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். "நாசமாப் போறவ! தண்ணி வந்த அன்னைக்கு நல்ல டின்னக் குத்திப் போடுறாளே!"

"விஷம்மா. உள்ளே இருந்தது விஷம். குடிச்சா கால் வராது" என்றேன்.

அவள் டின்னைப் பார்த்தாள், பீறிடும் தண்ணீரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்புட்டு விஷத்தையுமா எங்க தண்ணிக்கிட்ட கொண்டாந்து வச்சிருந்த?"

அவள் பேசியதில் எனக்குப் புரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆறாவது டின்னைப் புரட்டிப் போட்டுக் கடப்பாரையை ஓங்கினேன்.